பவர் ஆன்டெனாவுக்குத் தனி ஸ்விட்ச்: எந்த வயரில் போடுவது?

திண்டுக்கல் 124 கேட்டது:

வண்டி 1996 பென்ஸ் இ220, 124 பாடி, புனேயில் அசெம்பிள் ஆனது. பின் ஃபெண்டரில் மோட்டார் ஆன்டெனா. அது இன்றுவரை நன்றாக ஏறி இறங்குகிறது, அதன் மேல் எனக்குப் புகார் இல்லை. புகார் எல்லாம் புது செட்டை மாட்டிய விதத்தின் மேல்தான். பழைய கேசட் செட் நின்றுபோனதால் புளூடூத், யுஎஸ்பி உள்ள ஒரு செட் வாங்கி ஒரு கடையில் மாட்டச் சொன்னேன். அவர்கள் செட்டிலிருந்து வரும் நீல வயரையும் வண்டியில் இருந்த ஆன்டெனா வயரையும் முறுக்கி, டேப் சுற்றி, சார் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது பென்டிரைவில் பாட்டு ஓடினாலும் ஆன்டெனா எழும்புகிறது, போன் பேசினாலும் எழும்புகிறது, மேப்பில் வழி பார்க்க செட்டை ஆன் செய்தாலும் முழு உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. எங்கள் வீட்டு கேட்டுக்கு மேலே காகிதப்பூக் கொடி தொங்குகிறது. தினமும் உள்ளே நுழையும்போது கம்பி அதில் மாட்டி வளைந்து, விடுபடும்போது டிக்கி மேல் டங் என்று ஒரு அடி. கோயம்புத்தூரில் தங்கச்சி இருக்கும் அப்பார்ட்மென்டில் பேஸ்மென்ட் பார்க்கிங், தலைக்கு மேலே தீயணைப்புக் குழாய் ஓடுகிறது, அங்கே இறங்கும்போதெல்லாம் செட்டை அணைத்துவிட்டு ஆன்டெனா இறங்கும்வரை சரிவிலேயே நிற்க வேண்டியிருக்கிறது, பின்னால் வருபவர் ஹாரன் அடிக்கிறார்.

அதற்காக ஒரேயடியாக வயரைக் கழற்றிப் போடவும் மனசு வரவில்லை. காலையில் கொடைக்கானல் பண்பலை கேட்காமல் எனக்கு வண்டி ஓட்டியது போலவே இருக்காது. வேண்டும்போது ஏற, வேண்டாதபோது உள்ளேயே இருக்க ஒரு ஸ்விட்ச் போதும். இங்கே ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கேட்டேன், டிக்கியில் மோட்டாருக்கு வரும் பேட்டரி வயரை வெட்டி நடுவில் ஒரு ஸ்விட்ச் போட்டுவிடலாம் என்கிறார். சரியா? எத்தனை ஆம்பியர் ஸ்விட்ச் வாங்க வேண்டும்? ரிலே தேவையா?


டெஸ்ட் லாம்ப் எழுதியது:

பேட்டரி வயரில் கை வைக்க விடாதீர்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் ஆன்டெனா முழு ஆட்டோமேட்டிக் வகை. இதற்கு அடிப்படையில் மூன்று வயர். ஒன்றில் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் வந்துகொண்டே இருக்கும், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். மோட்டார் ஓடுவதற்கான கரண்ட் முழுக்க பேட்டரி வயரில்தான் போகிறது. சிக்னல் வயரில் 12 வோல்ட் வந்தால் ஏறு என்று அர்த்தம், போய்விட்டால் இறங்கு என்று அர்த்தம், அவ்வளவுதான் அதன் வேலை. சாவியை உருவிய பிறகும் கம்பி தானாக இறங்குகிறது அல்லவா, அந்த இறக்கத்துக்குக் கரண்ட் கொடுப்பது அந்த பேட்டரி வயர்தான். அதில் ஸ்விட்ச் வைத்து அணைத்தால் கம்பி அந்த நொடியில் எங்கே நிற்கிறதோ அங்கேயே நின்றுவிடும். ஸ்விட்சை அணைத்துவிட்டோம், இறங்கிவிடும் என்று நம்பி நீங்கள் பேஸ்மென்டுக்குள் போவீர்கள். மோட்டார் ஓடும் கரண்டை ஸ்விட்ச் தாங்க வேண்டும், அதற்காக டிக்கியிலிருந்து முன்பக்கம் வரை தடிமனான வயர் போய் வர வேண்டும் என்பது தனிக் கதை.

நீங்கள் செய்ய வேண்டியது சிக்னல் வயரை டேஷ்போர்டிலேயே, செட்டுக்குப் பின்னால் வெட்டி, ஸ்விட்சை நடுவில் வைப்பது. செட்டிலிருந்து வரும் வயர் ஸ்விட்சின் ஒரு காலில், வண்டியின் ஆன்டெனா வயர் இன்னொரு காலில். ஸ்விட்ச் ஆனில் இருந்தால் இப்போது போலவே எல்லாம் நடக்கும். ஆஃப் செய்தால், பாட்டு எதில் ஓடினாலும் ஆன்டெனா இறங்கிவிடும், ஏறாது. ஸ்விட்சை ஆனில் மறந்து விட்டுவிட்டாலும் செட் அணைந்தால் கம்பி தானாக உள்ளே போய்விடும். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும், மறதிக்கும் இடம் கொடுக்கிறது.

ஆம்பியரைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். சிக்னல் வயரில் ஓடுவது ஒரு சின்ன ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) காயிலுக்கான கரண்ட், 150 மில்லி ஆம்பியர் பக்கம் இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் எந்த ஆன்/ஆஃப் ராக்கர் ஸ்விட்சும் தாங்கும். தனி ரிலேயும் வேண்டாம், ஆன்டெனாவுக்கு உள்ளேயே இருக்கிறது.

இன்னொன்று. செட்டின் நீல வயர் அதிக கரண்ட் கொடுக்காது. நிறைய செட்களில் உச்ச அளவு 300 மில்லி ஆம்பியர், சிலவற்றில் 100 தான். அதனால் அதைச் சோதிக்கும்போது 5 வாட் பல்ப் போட்ட டெஸ்ட் லாம்பை வைக்காதீர்கள், அந்த பல்ப் ஒன்றே 400 மில்லி ஆம்பியர் இழுக்கும், செட்டுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும். மல்டிமீட்டர் வையுங்கள். பெயரை டெஸ்ட் லாம்ப் என்று வைத்துக்கொண்டு நான் இதைச் சொல்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.


ரிச்சி தெரு ரசிகன் எழுதியது:

ஸ்விட்சுக்குப் போவதற்கு முன்னால் செட்டின் பின்பக்க வயர்களை ஒருமுறை பார்க்கவும். சில செட்களில் இரண்டு நீல வயர் வரும். முழு நீலம் ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்பிளிஃபையருக்கு. முழு நீலத்தில் ரேடியோ ஓடும்போது மட்டும்தான் 12 வோல்ட் வரும். வெள்ளைக் கோடு போட்டதில் செட் ஆனில் இருக்கும்வரை வரும், யுஎஸ்பி, புளூடூத் என்று எது ஓடினாலும். உங்களுக்கு நடப்பதைப் பார்த்தால் கடைக்காரர் வெள்ளைக் கோடு வயரை எடுத்து முறுக்கியிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. முழு நீலம் சும்மா டேப் சுற்றிக் கிடந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள், ஸ்விட்சே வேண்டாம்.


திண்டுக்கல் 124 எழுதியது:

செட்டை வெளியே இழுத்துப் பார்த்துவிட்டேன். ஒரே ஒரு நீல வயர்தான், அதில் வெள்ளைக் கோடு இருக்கிறது. மேனுவலில் ஆம்பிளிஃபையர், ஆன்டெனா இரண்டுக்கும் அதுதான் என்று போட்டிருக்கிறது. மீட்டர் வைத்தேன், புளூடூத்தில் போட்டாலும் 12 வோல்ட் காட்டுகிறது. ஆக ஸ்விட்ச்தான் வழி.

இரண்டு சந்தேகம். பின்னால் ஒரு சப்வூஃபர் ஆம்ப் போடலாம் என்று இருக்கிறேன், அதற்கும் இதே வயர்தானே? ஸ்விட்சை ஆஃப் செய்தால் ஆம்பும் அணைந்துவிடாதா? அப்புறம், கடைக்காரர் முறுக்கிய இடத்தில் வண்டிப் பக்கம் எது ஆன்டெனா வயர் என்று எப்படி உறுதி செய்வது? எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு கருப்பு எர்த், பிரவுன் ஏதோ லைட் என்றார், எனக்கு நம்பிக்கை வரவில்லை.


பிரவுன்தான் எர்த் எழுதியது:

இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தப் பெயரில் இங்கே இருக்கிறேன்.

ஜெர்மன் வண்டியில் பிரவுன்தான் எர்த். அவர்கள் கணக்கில் எர்த்துக்கு நம்பர் 31. சிவப்பு 30, அது பேட்டரியிலிருந்து எப்போதும் வருவது. கருப்பு பெரும்பாலும் 15, அதாவது சாவி போட்டால் உயிர் வரும் வயர். மாருதி போன்ற வண்டிகளில் கருப்பை எர்த் என்று பார்த்துப் பழகிய கை பென்ஸில் கருப்பைப் பிடித்து பாடியில் வைத்தால் ஃபியூஸ் போவதோடு முடிந்தால் அதிர்ஷ்டம். முப்பது வருஷ வண்டியில் யார் யார் எந்தெந்த வயரை இடையில் ஒட்டினார்களோ என்பது வேறு, அதனால் நிறத்தை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு மீட்டரை நம்புங்கள்.

டேஷ்போர்டுக்குள் ஐஎஸ்ஓ பிளக், அதாவது செட்டை வண்டி வயர்களோடு இணைக்கும் பிளக், இன்னும் வெட்டப்படாமல் இருந்தால் வேலை சுலபம். எட்டு எட்டு பின்னாக இரண்டு பிளக் இருக்கும், அதில் ஒன்று முழுக்க ஸ்பீக்கர், இன்னொன்று சப்ளை. சப்ளை பிளக்கில் 4ஆவது பின் நிரந்தர 12 வோல்ட், 5ஆவது ஆன்டெனா, 7ஆவது சாவி போட்டால் வருவது, 8ஆவது எர்த். இதில் 4ஐயும் 7ஐயும் சில வண்டிகளில் மாற்றிப் போட்டிருப்பார்கள், 5 மாறி நான் பார்த்ததில்லை. பிளக்கை வெட்டித் தள்ளியிருந்தால், ஆன்டெனா என்று நினைக்கும் வயருக்கு 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் தொட்டுப் பாருங்கள். கம்பி ஏறினால் அதுதான். எடுத்தால் இறங்க வேண்டும்.

ஆம்ப் கேள்விக்கு: செட்டிலிருந்து வரும் வயரை ஸ்விட்சுக்கு முன்னாலேயே இரண்டாகப் பிரியுங்கள். ஒரு கிளை நேராக ஆம்புக்கு, இன்னொரு கிளை ஸ்விட்ச் வழியாக ஆன்டெனாவுக்கு. அப்போது ஸ்விட்ச் ஆம்பைத் தொடாது. ஆனால் இரண்டும் சேர்ந்து இழுக்கும் கரண்ட் அந்த 300 மில்லி ஆம்பியருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அப்போது ஒரு ரிலே போடலாம். ரிலே போட்டால் காயிலுக்குக் குறுக்கே ஒரு 4007 டயோடு, வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம்.

ஸ்விட்சுக்கு இடம் தேட வேண்டியதில்லை. கியர் லீவரைச் சுற்றி வெற்று மூடி போட்ட ஸ்விட்ச் இடங்கள் 124இல் இருக்குமே, அதில் ஒன்று. டேஷ்போர்டில் மட்டும் ஓட்டை போடாதீர்கள். இதற்கு முந்தைய 123 பாடியில் ஆன்டெனா படம் போட்ட ஸ்விட்ச் கம்பெனியிலிருந்தே கன்சோலில் வந்தது, அதனால் நீங்கள் கேட்பது ஒன்றும் விபரீதமான ஆசை இல்லை.


பாதி உயரம் எழுதியது:

என் கேள்வியையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். எனக்கு ஊருக்குள் பாதி உயரம், ஹைவேயில் முழு உயரம் வேண்டும். ஸ்விட்சால் பாதியில் நிறுத்த முடியுமா?


யாழ் கரீனா எழுதியது:

பாதியில் நிற்பாட்ட வேணுமெண்டால் மோட்டார் வேறு வகை, ஸ்விட்சும் வேறு வகை. நான் யாழ்ப்பாணம், வாகனம் டொயோட்டா கரீனா, ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்தது. அதோடு வந்த ரேடியோ ஜப்பான் அலைவரிசைக்கு, 76இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். எங்கள் நிலையங்கள் அநேகமாக அதற்கு மேலே. பேண்ட் எக்ஸ்பாண்டர் (மேல் அலைவரிசையைக் கீழே இறக்கித் தரும் சின்னப் பெட்டி) வைத்துச் சமாளித்துவிட்டுக் கடைசியில் வேறு செட் மாற்றினேன். ஏரியலின் பழைய மோட்டாரும் தண்ணீர் போய்ப் பிடித்துவிட்டது. கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போனால் பழையது எடுக்கலாம் என்றார்கள், ஆனால் எனக்குக் கிடைத்தது இரண்டே வயர் உள்ள சாதாரண மோட்டார்.

இரண்டு வயர் மோட்டாரில் பிளஸ் மைனஸை ஒரு பக்கம் கொடுத்தால் ஏறும், மாற்றிக் கொடுத்தால் இறங்கும். அதற்கு ஆறு கால் உள்ள ஸ்விட்ச், கையை எடுத்தால் நடுவுக்குத் திரும்பி வருவது வேண்டும். நடுவில் உள்ள இரண்டு காலில் மோட்டார். மேல் இரண்டு காலில் பற்றரியும் எர்த்தும். கீழ் இரண்டு காலுக்கு அதே இரண்டையும் குறுக்கே மாற்றிக் கொடுக்க வேணும். அமத்திப் பிடித்திருக்கும் வரை ஓடும், விட்டால் அந்த உயரத்தில் நிற்கும். பவர் விண்டோ ஸ்விட்ச் ஒன்று இருந்தால் அதையும் போடலாம், அது மோட்டார் கரண்டைத் தாங்கவென்றே செய்தது. இதில் மோட்டார் கரண்ட் முழுக்க ஸ்விட்சால்தான் போகிறது, அதனால் 10 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்.

உள்ள குறை, இது தானாக இறங்காது. இறக்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு போனால் திரும்பி வரும்போது கம்பி இருந்தால் இருக்கும். மற்றது, உச்சிக்குப் போன பிறகும் அமத்திக்கொண்டு நின்றால் உள்ளே கிளட்ச் கடகடவென்று வழுக்கும், அந்தச் சத்தம் கேட்டதும் விட வேணும். விடாமல் பிடித்தால் கம்பியைத் தள்ளி இழுக்கும் நைலோன் கயிற்றின் பற்கள் தேயும். திண்டுக்கல் அண்ணா, உங்களுடைய மோட்டார் நல்லாக இருக்கும்போது இந்த வேலைக்கு வராதீர்கள், முதல் ஆள் சொன்னதே உங்களுக்கு வடிவாகப் பொருந்தும்.


சுறாத் துடுப்பு எழுதியது:

இவ்வளவு ஏன் சார்? முன் கண்ணாடியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் ஆன்டெனா வாங்கி ஒட்டிவிட்டு, மோட்டார் ஆன்டெனாவின் பிளக்கைக் கழற்றிவிட்டால் வளைவதும் இல்லை, உடைவதும் இல்லை. இந்தக் காலத்தில் யார் எஃப்.எம். கேட்கிறார்கள்?


பிரவுன்தான் எர்த் எழுதியது:

கேட்கிறேன் என்றுதானே அவர் எழுதியிருக்கிறார். கொடைக்கானல் 100.5 மெகாஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். கார் பாடிக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் கம்பிக்கு அந்த அளவுதான் எஃப்.எம்முக்கு இயல்பான நீளம், முழுசாக ஏறிய ஆன்டெனா அதை ஒட்டித்தான் இருக்கும். ஊருக்குள் டவர் பக்கத்தில் இருந்தால் குட்டைக் கம்பியும் இழுக்கும், ஸ்டிக்கரும் இழுக்கும், அதனால்தான் பாதி உயரம் கேட்டவருக்கும் டவுனில் வித்தியாசம் தெரியாது. மலையிலிருந்து தள்ளிப் போகப் போக, நடுவில் குன்று மறைக்கும் இடங்களில், இந்தக் கம்பிதான் பேசும். மீடியம் வேவ் என்றால் இன்னும் மோசம், திருச்சி 936 கிலோஹெர்ட்ஸைப் பகலில் தூரத்திலிருந்து கேட்க வேண்டுமானால் ஸ்டிக்கரை வைத்துக்கொண்டு இரைச்சலைத்தான் கேட்கலாம். அதுவும் போக, ஓடுகிற ஒரு சாமானை 124இல் கழற்றிப் போடுவதற்கு எனக்குக் கை வராது.


டெஸ்ட் லாம்ப் எழுதியது:

ஒரு எச்சரிக்கை, யாராவது பிற்பாடு இதைப் படித்துவிட்டுச் செய்வார்கள் என்பதற்காக. ரேடியோ போடாமலும் ஆன்டெனாவை ஏற்ற வேண்டும் என்று சிலர் சாவி லைனிலிருந்து 12 வோல்ட் எடுத்து ஸ்விட்ச் வழியாக அதே சிக்னல் வயரில் சேர்த்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்த 12 வோல்ட் நீல வயர் வழியாக செட்டுக்குள்ளும் திரும்பப் போகும், ஆம்ப் இருந்தால் அதையும் எழுப்பிவிடும். அது வேண்டுமென்றால் மூன்று நிலை ஸ்விட்ச் போடுங்கள். நடுக்கால் ஆன்டெனாவுக்கு, ஒரு ஓரக்கால் செட்டுக்கு, மற்ற ஓரக்கால் 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட சாவி லைனுக்கு. ஒரு பக்கம் தள்ளினால் ஆட்டோமேட்டிக், நடுவில் வைத்தால் எப்போதும் கீழே, மறு பக்கம் தள்ளினால் சாவி போட்டவுடன் மேலே. இரண்டு லைனும் ஒன்றையொன்று தொடாது. திண்டுக்கல்காரருக்கு இது தேவைப்படாது, அவருக்கு இரண்டு நிலையே போதும்.


திண்டுக்கல் 124 எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவில்லை. ஐஎஸ்ஓ பிளக் வெட்டாமல் அப்படியே இருந்தது, 5ஆவது பின்தான். கடைக்காரர் பிளக்கில் மாட்டாமல் அதற்குப் பின்னால் வயரைச் சுரண்டி முறுக்கியிருந்தார், டேப் பிசின் உருகி விரலெல்லாம் ஒட்டியது. அதை எடுத்துவிட்டு, சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, ஸ்விட்சைக் கியர் லீவருக்குப் பின்னால் வெற்று மூடியில் பொருத்தினேன். மூடியைத்தான் அறுத்தேன், கன்சோலைத் தொடவில்லை. சப்வூஃபருக்கு ஒரு கிளை எடுத்து மூடி வைத்திருக்கிறேன்.

ஆஃப் செய்தால் பாட்டு நிற்காமல் கம்பி மட்டும் இறங்குகிறது. கூடுதலாக ஒரு நன்மை, வண்டி ஸ்டார்ட் செய்யும்போது செட் ஒரு நொடி அணைந்து எரியுமே, அப்போதெல்லாம் ஆன்டெனா கொஞ்சம் இறங்கித் திரும்ப ஏறும். இப்போது ஸ்விட்சை ஆஃபில் வைத்து ஸ்டார்ட் செய்வதால் அந்த வீண் ஓட்டம் இல்லை.

ஆனால் கம்பியைக் கவனித்துப் பார்த்ததில் கடைசி இரண்டு துண்டு தயங்கித் தயங்கித்தான் இறங்குகிறது, ஒரு விரல் நீளம் வெளியே நிற்கிறது. காகிதப்பூக் கொடி வளைத்த வளைவா, இல்லை அழுக்கா?


யாழ் கரீனா எழுதியது:

முதலில் அழுக்கைப் பாருங்கள். முழுக்க ஏற்றிவிட்டு, டபிள்யூடி 40 கொஞ்சம் துணியில் அடித்து ஒவ்வொரு துண்டாகத் துடையுங்கள், துணி கறுப்பாக வரும். ஏற்றி இறக்கித் திரும்பவும் துடையுங்கள். கிரீஸ் மட்டும் பூச வேண்டாம், புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதோடு டிக்கிப் பக்கத் தட்டியைக் கழற்றி மோட்டாரின் அடியில் இருக்கிற தண்ணீர்க் குழாய் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், என்னுடையது போனதே அதனால்தான்.

துடைத்தும் நின்றால் கம்பி வளைந்திருக்கிறது. மோட்டாரை மாற்றத் தேவையில்லை, கம்பியும் நைலோன் கயிறும் மட்டும் தனியாக வாங்கலாம். மேலே உள்ள நட்டைக் கழற்றிவிட்டு ஸ்விட்சை ஆன் செய்தால் மோட்டாரே பழைய கம்பியை வெளியே தள்ளிவிடும். புதுக் கயிற்றின் பல் பழையதில் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கமே பார்க்கும்படி உள்ளே விட்டு, ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ள மற்றவர் ஆஃப் செய்ய வேணும், அது இழுத்துக்கொண்டு போகும். தனியாகச் செய்யாதீர்கள், பாதியில் கயிறு மடங்கும்.


திண்டுக்கல் 124 எழுதியது:

சரி, இன்றைக்குத் துடைத்துப் பார்க்கிறேன். அந்தக் கொடியையும் கழித்துவிட வேண்டியதுதான், வீட்டில் அனுமதி வாங்கணும்.